தோவாளையை மறக்கப் பயிற்சி

தோவாளைப் பூச்சந்தையில் கூடை சுமக்கும் பொன்னுலிங்கத்துக்கு, தான் படித்தவன் என்கிற சங்கதி முப்பத்தெட்டு வயது வரைக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லி அவன் ஆசையில் மண் அள்ளிப் போட்டது நாகர்கோவிலில் இருக்கும் ஒரு மையம்.

'வாசிப்புத் திறன் குறைந்த வயதுவந்தோருக்கான உதவித் தொழில்நுட்பக் கருவிகள் வழங்கல், வழங்காமை மற்றும் கண்காணிப்பு மையம்' என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். 'கண்காணிப்பு மையம்' என்கிற வால் மட்டும் பக்கத்துக் கோழிக்கடைச் சுவரில் ஏறிக் கிடப்பதால், அந்தக் கடையில் எடை குறைவதே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. வாசிக்கத் தெரியாதவர்கள் வருகிற இடத்துக்கு இத்தனை எழுத்து எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வருகிறவர்கள் பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிடும்.

பொன்னுலிங்கம் அங்கே போன காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் சுபிதாவிலிருந்து தொடங்க வேண்டும்.

சுபிதா புதுக்கடை ஜங்ஷனில் பூக்கடை வைத்திருப்பவள். தகப்பன் விட்டுப்போன கடை, தனியாளாகத்தான் நடத்துகிறாள். பூ எடுக்கத் தோவாளைக்கு வரும்போதெல்லாம் அவள் கூடைகளை வண்டியில் ஏற்றிக் கொடுப்பது பொன்னுலிங்கம். வெகுகாலம் அவனை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், போன ஆவணியில், ஓணக் கூட்டத்தில் சந்தை மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், "லிங்கம், அந்தப் பிச்சிக் கூடையை இஞ்ச கொண்டாரும்" என்றாள். அண்ணாச்சி எங்கே போயிற்று என்று பொன்னுலிங்கம் அன்று முழுக்க யோசித்தான். அடுத்த தடவை வந்தபோதும் அது திரும்பி வரவில்லை. அதற்கடுத்த தடவை அவன் துணிந்து கல்யாணப் பேச்சை எடுத்தான். சுபிதா கூடையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"ஒம்ம அண்ணனும் வராண்டாம், வண்டிக்காரனும் வராண்டாம். நீரா பஸ் ஏறி, நீரா புதுக்கடைக்கு வாரும். பொறவு பேசலாம்."

உலகத்தில் வேறு எந்த மாப்பிள்ளைக்கும் இது ஒரு நிபந்தனையே இல்லை. பொன்னுலிங்கத்துக்கு மலையைப் பெயர்க்கச் சொன்னது மாதிரி. எழுத்துகள் அவனுக்கு முன்னால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. 'க'வைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு 'ச'வைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் 'க' எழுந்து போயிருக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அதைச் சோம்பல் என்றார்கள். ஒருவர் கொழுப்பு என்றார். அவனுக்கு முப்பது தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர், இது பிறவியிலேயே உள்ள கற்றல் குறைபாடு, உன் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்னார்.

ஆனாலும் முன்னொரு தடவை அவன் முயன்று பார்த்திருக்கிறான். 'பு' என்று தொடங்குகிற பஸ்ஸில் ஏறு என்று அண்ணன் முருகதாஸ் உள்ளங்கையில் பேனாவால் எழுதி அனுப்பினார். கையையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்து ஏறினான். பஸ்ஸின் நெற்றியில் இருந்தது புத்தன்துறை. எதிரே கடலைப் பார்த்த பிறகுதான் இது புதுக்கடை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

இப்படி அவனுக்கு அடங்காத எழுத்துகளுக்கு நடுவே, ஒரே ஒரு சொல் மட்டும் பரம சாதுவாக இருந்தது. தோவாளை. அதை அவன் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. முன்னால் ஒரு கொக்கி, நடுவில் வரிசையாகப் பூ, கடைசியில் இரண்டு வளையம் போட்டு இறுக்கின முடிச்சு. கட்டி முடித்த மாலை மாதிரி. எத்தனை பஸ் நின்றாலும் அந்த முடிச்சைக் கண்டுபிடித்து ஏறி வீடு வந்துவிடுவான். போவதற்குத்தான் அவனுக்கு வழியில்லை, வருவதற்கு இருந்தது.

அப்போதுதான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு மையத்தின் அறிவிப்பு வந்தது. 'வாசகத் தோழன்' என்று ஒரு கருவி. பலகைக்கு நேரே காட்டினால் அதுவே வாசித்துச் சொல்லும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இலவசம். பொன்னுலிங்கம் அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

மையத்தில் அவனைப் பரிசோதித்தவள் அஜிதா, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பயிற்றுநர். விதிப்படி கருவி வாங்குகிறவருக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரிந்திருக்கக் கூடாது. அவள் ஒவ்வொரு அட்டையாகக் காட்டினாள். பசு, தெரியாது. மரம், தெரியாது. பள்ளி, தெரியவே தெரியாது. தம்பி இத்தனை நன்றாக ஒரு பரீட்சை செய்து முருகதாஸ் பார்த்ததே இல்லை. பின்னால் நின்று பூரித்துக்கொண்டிருந்தார். கடைசி அட்டையில் ஒரு பஸ் படம். அதன் நெற்றியில் எழுதியிருந்தது.

பொன்னுலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தோவாளை" என்றான்.

அஜிதா அட்டையைச் சட்டென்று கவிழ்த்துவிட்டு, அண்ணாச்சி இப்போது இருமினீர்கள்தானே என்று கேட்டாள். ஆனால் அது கண்காணிப்பு மையம் அல்லவா. கூரையில் கேமரா இருந்தது. உள்ளறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் சுந்தர்சிங், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல வெளியே வந்தார்.

"எத்தனை காலமாக வாசிக்கிறீர்?" என்று கேட்டார்.

"சின்னதிலேருந்தே சார்."

"வேறு எந்தெந்தச் சொற்களை மறைத்து வைத்திருக்கிறீர்?"

முருகதாஸ் குறுக்கே வந்தார். "அது வாசிப்பில்ல சார். அவனுக்கு அது படம் மாதிரியாக்கும். ஆளுக்க முகத்தப் பாத்து அறிவோமில்லியா, அது மாதிரி."

"பார்த்ததும் அறிந்துகொள்வதற்குப் பெயர்தான் வாசிப்பு" என்றார் சுந்தர்சிங். "இப்படி ஒவ்வொருவரும் பார்த்ததும் அறிந்துகொள்ளத் தொடங்கினால், இந்த மையம் எதற்கு, நான் எதற்கு?"

சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

பொன்னுலிங்கம் 'பகுதி எழுத்தறிவாளர்' என்று பதிவு செய்யப்பட்டான். அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் படிப்புப் பட்டம் அது. முருகதாஸுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இயக்குநர் இரங்கினார். மையம் யாரையும் கைவிடாது என்றார். உமக்குத் தெரிந்திருப்பது ஒரே ஒரு சொல்தான், ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டோம், முயன்றால் முழுதாக நீக்கிவிடலாம் என்றார். இதற்கென்றே மையத்தில் மறத்தல் பயிற்சி இருந்தது. ஒரு மாதம். தினமும் காலையில் சாயாவும் ரசவடையும் உண்டு. முடிவில் மறதிச் சான்றிதழும் கருவியும்.

பொன்னுலிங்கம் ஓர் எட்டு முன்னால் வந்தான். "அந்த வார்த்த போயிட்டா நான் வீட்டுக்கு எப்பிடி வருவேன் சார்?"

"அதற்குத்தான் கருவி தருகிறோம்."

"கருவி கெட்டுப் போனா?"

"கருவியைப் பழுது பார்க்க வேறொரு பயிற்சி இருக்கிறது. ஆனால் அதில் சேர வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்."

அன்று சாயந்தரம் பஸ்ஸின் நெற்றியில் முடிச்சைப் பார்த்தபோது, ஊரைவிட்டுப் போகப்போகிற ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது அவனுக்கு. "போறதுக்கு மெஷின் வேணும்ணே. வாறதுக்கு வார்த்த வேணும். ரெண்டும் சேத்துத் தரமாட்டேங்குதானுவளே" என்றான். முருகதாஸ் தம்பியின் தோளில் கையைப் போட்டார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மறக்க வேண்டியது அவருக்கு நிறைய இருந்தது.

பயிற்சி வகுப்பில் பொன்னுலிங்கத்தோடு இன்னொருவர் இருந்தார். மரியஜான், கடல் தொழில்காரர், ஐம்பது கடந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'ஆண்கள்'. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டதாம். அதை மறந்தால்தான் கருவி என்று சொல்லிவிட்டார்கள்.

தினமும் வகுப்பு தொடங்கியதும் அஜிதா கரும்பலகையில் 'இன்று மறக்க வேண்டிய சொல்' என்று எழுதி, அதன் கீழே ஒரு பக்கம் 'ஆண்கள்', மறுபக்கம் 'தோவாளை' என்று முழ உயரத்துக்கு எழுதுவாள். எதை மறக்கிறோம் என்று தெரிந்தால்தானே ஒழுங்காக மறக்க முடியும் என்பது கையேட்டின் வாதம். பிறகு அவரவர் சொல்லைச் சத்தமாகச் சொல்லி, இதை நான் மறந்துவிட்டேன் என்று மூன்று முறை உறுதிமொழி எடுக்க வேண்டும். மத்தியானம் அதே சொல்லை மணலில் விரலால் எழுதி அழிக்க வேண்டும். முதல் வார முடிவில், அதுவரை படமாக மட்டும் பார்த்த தோவாளையைப் பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டான். நோய் முற்றுகிறது என்று இயக்குநர் குறிப்பெழுதினார்.

சூழலும் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு வல்லுநர் குழு முடிவு செய்தது. பயிற்சி பெறுபவர் இங்கே மறந்ததை ஊருக்குப் போய்ப் பலகையைப் பார்த்துத் திரும்ப ஞாபகப்படுத்திக்கொள்கிறாராம். ஆகவே ஜீப்பில் ஆட்கள் போய்த் தோவாளையில் ஊர்ப்பெயர் இருந்த பலகையெல்லாம் சாக்குப்படுதா போட்டு மூடினார்கள். கடைப் பலகைகளில் ஊர்ப்பெயருக்கு மேல் சாணித்தாளை ஒட்டினார்கள். அந்த வாரம் பூ வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் இறங்காமல் அடுத்த ஊரான ஆரல்வாய்மொழி வரை போய்க் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளை வீடு தெரியாமல் வேறொரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, பாயசம் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. மூடின பலகையைக் காட்டி இது எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது பொன்னுலிங்கம்தான். சாக்குக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஊரிலேயே அவனுக்குத்தான் மனப்பாடம்.

மரியஜான் கெட்டிக்காரர். ஒரு நாள் இயக்குநரும் குழுவும் பின்தொடர, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் பெண்கள் பக்கம் நுழைந்தார். குடையாலும் செருப்பாலும் அடி விழுந்தது. சுந்தர்சிங் கண்கலங்கி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறதியின் களச் சான்று என்று வீங்கின நெற்றியைப் பல கோணங்களில் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

"அடி கொறச்சு கூடிப்போச்சு. ஆனா மெஷின் உறுதியாச்சு மக்கா" என்று மரியஜான் பொன்னுலிங்கத்திடம் ரகசியமாகச் சொன்னார். "நீயும் தெரியாதுன்னு சொல்லித் தொலயேம்லே."

பொன்னுலிங்கத்துக்குப் பொய் வராது. வாயைத் திறந்தால் காது சிவந்துவிடும். தெரிந்த சொல்லைத் தெரியாது என்று சொல்வது, சுபிதாவைப் பார்த்து யாரென்று கேட்பது மாதிரி.

கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் அஜிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். மறக்க வேண்டிய சொல் மனதில் எழும்போதெல்லாம், அதன் இடத்தில் வேறொரு சொல்லை உட்கார வைக்க வேண்டும். அதற்கு மாற்றுச் சொல் என்று பெயர். பயிற்சி பெறுபவரே தேர்ந்துகொள்ளலாம்.

"மனசுக்குப் பிடிச்ச ஒரு சொல்லு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அஜிதா.

பொன்னுலிங்கம் யோசிக்கவே இல்லை. "புதுக்கடை."

அஜிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கரும்பலகையில் தோவாளைக்குப் பக்கத்தில் அதையும் முழ உயரத்துக்கு எழுதினாள்.

பொன்னுலிங்கம் எழுந்து பலகைக்குக் கிட்டே போனான். முன்னால் இரண்டு குட்டிக் கொக்கி. நடுவில் தலையில் பொட்டு வைத்த ஒரு பூ. அப்புறம் கடைசியில், கடைசிக்கு முன்னால், அதே இரண்டு வளையம். அதே முடிச்சு.

"இதுலயும் இருக்கு" என்றான் மெதுவாக.

"ஆமா. ரெண்டும் ஒரே மாதிரித்தான் முடியும்" என்றாள் அஜிதா.

அன்றிலிருந்து தினமும் உறுதிமொழியும் மணலும் இரண்டு சொல்லுக்கும் நடந்தன. புதுக்கடை ஓடிப்போகவில்லை. அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பயிற்சி ஏட்டில் 'இடமாற்றம் திருப்திகரம்' என்று எழுதப்பட்டது.

நிறைவு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பாதி நாற்காலியில் அதிகாரிகள், மீதியில் அவர்களுடைய டிரைவர்கள். சுந்தர்சிங் பேசினார். பேச்சில் அவருக்கே கண் பனித்தது.

"எழுத்தறிவை வளர்க்க எத்தனையோ துறைகள் இருக்கின்றன. அதைக் குறைக்கத் துணிந்தது நாம் மட்டும்தான். சென்ற ஆண்டு நாம் வழங்கிய கருவிகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஏனென்றால் ஒன்றுகூட வழங்கவில்லை. தகுதியில் நாம் காட்டிய கண்டிப்பு அப்படி. இந்த ஆண்டு அந்தச் சாதனையை இழக்கப்போகிறோம் என்பதில் வருத்தம்தான். ஆனாலும் இவர்கள் மக்கள். மக்களுக்காகச் சில இழப்புகளைத் தாங்கத்தான் வேண்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் பொன்னுலிங்கத்தை மேடைக்கு அழைத்தார்கள். பெரிய பலகை ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார்கள். தோவாளை. அவன் கண்ணுக்கு அது பந்தல் விளக்கையெல்லாம்விடப் பிரகாசமாக இருந்தது. வாசித்தால் கருவி இல்லை. கருவி இல்லாவிட்டால் ஒரு மாதம் வடை தின்றதுதான் மிச்சம் என்று முருகதாஸ் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"இது என்ன சொல்?" என்றார் சுந்தர்சிங்.

பொய் சொல்லவும் வராது, மெய் சொல்லவும் கூடாது. பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, மனசில் இருந்ததைச் சொன்னான்.

"புதுக்கடை."

பந்தல் அதிர்ந்தது. தெரியாது என்று சொல்வது சாதாரண மறதி, தவறாகச் சொல்வது உயர்தர மறதி என்று வல்லுநர் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து விளக்கினார். அஜிதாவுக்கு மட்டும் பெரிய இருமல் வந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

திரும்பி வந்து அவன் சான்றிதழை அவளே வாசித்துக் காட்டினாள். மேற்படி பொன்னுலிங்கம் 'தோவாளை' என்னும் சொல்லை முழுமையாகவும் நிரந்தரமாகவும் மறந்துவிட்டார் என்று சான்றளிக்கப்படுகிறது. கையெழுத்து, முத்திரை, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை.

கருவி ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. கையடக்கமானது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

மறுநாளே பொன்னுலிங்கம் வெள்ளை வேட்டி கட்டி, சான்றிதழைச் சட்டைக்குள் செருகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியைத் தான் பார்க்காமல், கருவியை நம்பி, பெட்டியை அதற்கு நேரே உயர்த்திப் பொத்தானை அமுக்கினான்.

"மதிப்பிற்குரிய பயனாளியே, வணக்கம்" என்றது கருவி, சுந்தர்சிங்கின் குரலில். மையத்தின் முழுப்பெயரைச் சொல்லியது. அது தொடங்கப்பட்ட வரலாற்றைச் சொல்லியது. திட்டத்துக்கு நிதி ஒதுக்கியவர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்லியது. மழையில் நனைக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, அசைகிற பலகைக்கு நேரே காட்டக் கூடாது என்றது. அது வல்லுநர் குழுவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே பஸ் போய்விட்டது. ஆளில்லாத இடத்தை நோக்கிப் பெட்டியை உயர்த்தியபடி நின்ற பொன்னுலிங்கத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறான் என்று நினைத்து வழி விட்டார்கள்.

அடுத்த பஸ் வளைந்து வந்தது. பெட்டியை உயர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. முன்னால் இரண்டு குட்டிக் கொக்கி, தலையில் பொட்டு, இரண்டு வளையம். தூரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் முண்டியது. பொன்னுலிங்கம் கருவியை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி இடம் பிடித்தான். அந்தக் கருவி அன்று செய்த ஒரே உதவி அதுதான். அதையும் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டே செய்திருக்கும்.

புதுக்கடை ஜங்ஷனில் சுபிதா கடைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து அரளி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால், ரோட்டின் இரண்டு பக்கமும், எட்டிப் பார்த்தாள்.

"தனியாத்தான் வந்தியா?"

'நீரு'வும் காணாமல் போய்விட்டது. பொன்னுலிங்கத்துக்குக் காது சிவந்தது.

"தனியாத்தான்."

"...பயனாளிகள் பொறுமை காக்க வேண்டும்" என்றது பெட்டி.

சுபிதாவின் முகம் மாறியது. "ஆம்பிளச் சத்தம் கேக்குது. ஆருலே அது?"

"அது மையத்துக்க மெஷினாக்கும். நிறுத்தத் தெரியாது. வழி காட்டும்னு தந்தினும்."

"வழி காட்டிச்சா?"

"இல்ல. பேசிட்டேதான் வருது. நானாத்தான் வந்தேன்."

சுபிதா எழுந்து, காலியாகக் கிடந்த, பூ வைக்கும் பெரிய வாளியை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் கவிழ்த்தாள். இயக்குநரின் குரல் கிணற்றுக்குள் போயிற்று. அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் மாலையைத் தொடர்ந்தாள். ஒரு முழம் கட்டி முடித்து, நாரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சரி, வந்தாச்சு. தோவாளைக்கு எப்பம் திரும்பிப் போறே?"

பொன்னுலிங்கம் சட்டைக்குள் கையை விட்டு, பளபளவென்ற அந்தச் சான்றிதழை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்குத் தோவாளை மறந்துபோச்சு" என்றான் பொன்னுலிங்கம். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய். காது சிவக்கவே இல்லை. "திரும்பிப் போவ வழி அறியாது. சீல் வச்சுத் தந்திருக்கினும்."

சுபிதா சான்றிதழைத் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.

"சீல் வச்சதுன்னா பொறவு நாம என்ன செய்ய முடியும்" என்றாள். கட்டிக்கொண்டிருந்த மாலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். "இஞ்ச இரி. இத இறுக்கிப் பிடி, முடிச்சுப் போடணும்."

அவன் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு வளையம் போட்டு இறுக்கினாள். அப்போது கவிழ்த்த வாளிக்குள்ளிருந்து, எல்லா நன்றியும் சொல்லி முடித்துவிட்ட நிம்மதியோடு, சுந்தர்சிங்கின் குரல் கம்பீரமாக அறிவித்தது:

"தாங்கள் காட்டிய பலகையில் உள்ள சொல்: புதுக்கடை."